கண்ணெதிரே எல்க், கால் வைக்க வழியில்லை

"உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?"

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் புதிதாக வந்து சேரும் நம்மவர்கள் இந்தக் கேள்வியை முதலில் உபசாரம் என்றே நினைத்துவிடுகிறார்கள். கிரேஸி மலையடிவாரத்து மண் ரோட்டோரம் காரை நிறுத்தி, வேலிக்கம்பத்தில் கையூன்றி, புல்வயலில் மேயும் இருநூறு எல்க் மான்களை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். கேள்வி வரும். அதற்குச் சரியான தமிழ்: "யாருப்பா நீ, எதுக்கு இங்க நிக்கிற?" ஊரிலும் வரப்பில் நடக்கிற புது ஆளைக் கேட்பார்கள்தான். "தம்பி யாரு, எந்த ஊரு, யார் வீட்டுக்கு?" பதில் சொன்னால் ஒரு சொம்பு மோர் வரும். இங்கே பதில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்ப வேண்டும்.

கையூன்றிய கம்பத்தின் தலையில் ஆரஞ்சு சாயம் பூசியிருப்பதை அப்போதுதான் கவனிப்போம். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசுகிற மாதிரி அழகாகத்தான் இருக்கும். மொன்டானா சட்டப்படி, குறைந்தது 50 சதுர அங்குலம் ஆரஞ்சு பூசிய கம்பம் "உள்ளே வராதே" பலகைக்குச் சமம். வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் அதே ஆரஞ்சு நிறம் உடுத்தியிருக்க வேண்டும். கம்பம் விரட்டுவதற்கு, நம் சட்டை குண்டு படாமல் இருப்பதற்கு.

நமக்கு எல்லாமே தலைகீழ். ஊரில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு ஒரு முயலைப் பிடித்தால்கூட வழக்கு. ஆனால் யார் வயல் வரப்பிலும் நடக்கலாம், யார் தோப்பிலும் நிழலுக்கு உட்காரலாம். இங்கே முந்நூறு கிலோ கொம்பனை, அதாவது ஆண் எல்க்கைச் சுட அரசாங்கமே சீட்டு தருகிறது. அந்தக் கொம்பன் நிற்கிற புல்லை மிதிக்கத்தான் முடியாது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியார் நிலத்தில் வேட்டையாட உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சீட்டு வாங்குவது சுலபமான பகுதி. 180 நாள் தொடர்ந்து குடியிருந்து, வண்டியை இங்கே பதிவு செய்து, வரியையும் இங்கே கட்டினால் உள்ளூர்க்காரர் கட்டணம். வெளிமாநிலத்துக்காரர் கட்டுவதைப் பார்த்தால் இது பஸ் டிக்கெட் மாதிரி. 1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். நம்மவர் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: ஹெச்-1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதில் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். ஆகவே முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கிக் கடை. நண்பரின் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்குக்கூட இதே வரிசைதான். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அடுத்தது வரைபடம். மிசூலாவில் பிறந்த ஆன்எக்ஸ் செயலியை இறக்கி, போகிற பகுதியை வீட்டிலேயே சேமித்துக்கொள்ள வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காது. பச்சை என்றால் தேசிய வனம். மஞ்சள் என்றால் நில மேலாண்மைத் துறை. நீலம் மாநில நிலம். பெரும்பாலும் 16, 36 என்ற எண்ணுள்ள கட்டங்கள், பள்ளிக்கூட வருமானத்துக்காக ஒதுக்கியவை. வெள்ளை தனியார். ஊரில் புல எண் வரைபடம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மழலைப் பாடம்: ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 கட்டம், கட்டம் ஒன்றுக்கு ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். பங்காளிச் சண்டையில் ஒடிந்து நெளிந்த வரப்பு எதுவும் கிடையாது.

வம்பே அந்த நேர்கோட்டில்தான். 1860-களில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க, பாதையின் இரு பக்கமும் கட்டம் விட்டுக் கட்டமாகக் கம்பெனிகளுக்கு நிலத்தை அள்ளிக் கொடுத்தது அமெரிக்க அரசு. ஒற்றைப்படை எண் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு. இந்தப் பக்கம் வாங்கியது 1864-ல் தொடங்கிய நார்தர்ன் பசிபிக். கம்பெனி பிற்பாடு விற்றது, வாங்கியவர் வேலி போட்டார். இன்று வரைபடத்தைத் திறந்தால் தாயக்கட்டம் மாதிரி பச்சையும் வெள்ளையும் மாறி மாறிக் கிடக்கும். பச்சைக் கட்டத்தின் நான்கு பக்கமும் வெள்ளை. அரசு நிலம், யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம், போகத்தான் பாதை இல்லை. மேற்கின் 13 மாநிலங்களில் இப்படி அடைபட்டுக் கிடக்கும் மத்திய அரசு நிலம் 95 லட்சம் ஏக்கர் என்று 2018-ல் கணக்கு எடுத்திருக்கிறார்கள்.

ஊரில் என்றால் இந்தச் சண்டை டீக்கடையிலேயே தீர்ந்திருக்கும். "என் காட்டுக்கு மாட்டு வண்டி போக வழி விடுய்யா" என்றால் விட்டுத்தான் ஆக வேண்டும். விடாதவனை ஊர் பேசும். அதற்கும் மசியாவிட்டால் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது, நிலம் பிரிந்தபோது வழியில்லாமல் போனவனுக்கு அவசிய வழி கேட்க. வெள்ளைக்காரன் நமக்கு எழுதிக்கொடுத்தது அது. இங்கே 1979-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: ரயில் கம்பெனிக்குக் கட்டங்களைக் கொடுத்தபோது அரசு தனக்கென்று வழியை ஒதுக்கி எழுதிக்கொள்ளவில்லை, வேண்டுமானால் காசு கொடுத்து எடுத்துக்கொள். பத்திரத்தில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நம்மூர் பத்திர எழுத்தரைக் கேட்டால் தெரியும்.

மூலையில் தாண்டினால் என்ன? நான்கு கட்டங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. குறுக்கே எதிரெதிராக இரண்டு பச்சை. பச்சையிலிருந்து பச்சைக்கு ஓர் எட்டு. கால் வெள்ளையில் படவே படாது, தோள் மட்டும் ஒரு நொடி வெள்ளையின் ஆகாயத்தில் இருக்கும். 2021-ல் வயோமிங்கின் எல்க் மலையில் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். மூலைக்கல்லின் இரு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டுச் சங்கிலி போட்டிருந்தது. அவர்கள் மடக்கு ஏணி ஒன்றைக் கொண்டுவந்து மேலாக ஏறி இறங்கினார்கள். பண்ணை உரிமையாளர் தன் நில மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துவிட்டது என்று வழக்குப் போட்டார். ஓர் ஏணி, எழுபது லட்சம்! 2022-ல் ஜூரி நால்வரையும் குற்றமற்றவர்கள் என்றது. 2025 மார்ச்சில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பத்தாவது வட்டாரமும், பொது நிலத்தை வேலியடைத்து மறிக்கக் கூடாது என்ற 1885-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அவர்கள் பக்கமே நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது.

உடனே ஏணி வாங்கக் கிளம்ப வேண்டாம். அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமாவுக்கு. மொன்டானா ஒன்பதாவது வட்டாரம். மூலை தாண்டுவது இங்கே இன்னும் கூடாது என்றுதான் மாநில அதிகாரிகள் சொல்கிறார்கள். தவிர, சட்டம் அனுமதிக்கிற இடத்திலும் மூலைக்கல் கண்ணில் பட வேண்டும். கைபேசியின் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். வேலியும் எல்லைதான் என்று நம்பக் கூடாது. மாட்டுக்குத் தோதாகப் போட்ட வேலி எல்லையிலிருந்து விலகியே கிடக்கும். அளவைக்காரர் புதைத்த பித்தளைத் தலைக்கல்லைப் பார்த்தால் மட்டுமே அது மூலை.

ஆக, மொன்டானாவில் மிஞ்சுவது அனுமதி கேட்பது. கேட்க ஒரு காலம் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் பருவம் திறக்கிற அன்று விடிகாலை கதவைத் தட்டினால் நாய்தான் பதில் சொல்லும். கன்று ஈனும் மாசி பங்குனியில் பண்ணைக்காரர் தூக்கமில்லாமல் இருப்பார். புல் அறுத்துக் கட்டும் வெயில் நாட்களில் டிராக்டரை விட்டு இறங்கமாட்டார். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாயங்காலம் நேரில் போக வேண்டும், வேட்டை உடுப்பு இல்லாமல். கொம்பனைச் சுட அனுமதி கேட்காதீர்கள், பெட்டைக்குக் கேளுங்கள். கொம்பனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வழிகாட்டி நிறுவனங்கள் குத்தகைப் பணத்தோடு நிற்கின்றன. ஆனால் அவர் புல்கட்டை இரவெல்லாம் தின்று தீர்ப்பது பெட்டைக் கூட்டம். வேலி கட்ட ஒரு நாள் வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி போனால், அடுத்த வருஷம் கேட்க வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் மறந்தும் கேட்காதீர்கள்: "எத்தனை ஏக்கர் இருக்கு? எத்தனை மாடு?" ஊரில் இதுதான் முதல் விசாரிப்பு, கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. இங்கே அது "பேங்கில் எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்பதற்குச் சமம். முகம் மூடிக்கொள்ளும். கதவும்.

வேலிப் படலை இருந்த நிலையிலேயே விடுவது அடுத்த பரீட்சை. திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடி. இங்கத்திய படல் நாலு கம்பியும் இரண்டு மூன்று குச்சிகளும்தான், நம் முள்படலின் பணக்காரத் தம்பி. மூடும்போது முதலில் குச்சியின் அடியைக் கீழ்வளையத்தில் நுழைக்க வேண்டும். பிறகு தோளால் கம்பத்தை அணைத்து இறுக்கி மேல்வளையத்தை மாட்ட வேண்டும். மேலே முதலில் மாட்டிவிட்டுக் கீழே குனிந்து மல்லுக்கட்டுகிறவர் புது ஆள் என்று அரை மைல் தள்ளியே தெரிந்துவிடும். மாட்டாமல் போனால் முப்பது மாடு ரோட்டில் நிற்கும். பண்ணைக்காரர்கள் வேலியை இறுக்கியதில் இப்படி வந்துபோனவர்களின் பங்கும் இருக்கிறது. ஈர மண்ணில் வண்டியை விட்டுப் பள்ளம் பறித்தவர்கள் பங்கும்.

அறிமுகமே இல்லாதவர்களுக்கு 1985-ல் தொடங்கிய பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம் இருக்கிறது. நிலத்தை வேட்டைக்குத் திறந்துவிடும் பண்ணைக்காரருக்கு மாநிலம் பணம் தருகிறது, நமக்கு இலவசம். முதல் வகை நிலத்தில் வாசல் பெட்டியில் சீட்டெழுதிப் போட்டுவிட்டு நுழையலாம். இரண்டாம் வகைக்கு முன்கூட்டி இடம் பிடிக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்ட அனுபவம் இங்கே கைகொடுக்கும். ஆகஸ்ட் நடுவில் பட்டியல் வரும், பதிவு தொடங்குகிற அன்றே போனை எடுங்கள். குறை என்ன? திறந்த நிலம் எது என்பது எல்க்குக்கும் தெரியும். முதல் வாரத்துத் துப்பாக்கிச் சத்தத்தோடு கூட்டம் மொத்தமும் யாரையும் விடாத பண்ணைக்குக் குடிபோய்விடும்.

இதனால்தான் வேலியோர வேட்டை. பகல் முழுக்கப் பொதுக் காட்டின் மேட்டு மரங்களுக்கிடையே படுப்பதும், இருட்டியபின் தனியார் புல்வயலில் இறங்குவதும் எல்க்கின் பழக்கம். விடியலில் திரும்பி ஏறும்போது இருபது முப்பது நிமிஷம் கிடைக்கும். புதியவர்கள் நேர் மேலே உட்கார்ந்து கெடுத்துக்கொள்கிறார்கள். வெயில் படும்வரை குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். நம் வாடை நேரே கூட்டத்தின் மூக்கில். பக்கவாட்டில் உட்கார வேண்டும், வெயில் ஏறிக் காற்று மேல்நோக்கித் திரும்பியபின் இடம் மாற வேண்டும்.

வேலியை ஒட்டிச் சுடவும் கூடாது. நுரையீரலில் சரியாகப் பட்ட எல்க்கும் நூறு நூற்றைம்பது மீட்டர் ஓடி விழும். வேலி தாண்டி விழுந்தால், செத்துக்கிடக்கிற மானை எடுக்கவும் அனுமதி வேண்டும். கண்ணெதிரே கறி ஆற, எண் தெரியாத வீட்டுக்குப் போன் தேடி அலைகிற கொடுமை வேறு எதிலும் இல்லை. எல்லையிலிருந்து இருநூறு மீட்டராவது உள்ளே வரும்வரை விசையிலிருந்து விரலை எடுத்தே வைத்திருங்கள்.

விழுந்தபின் வேலை அவசரம். தோலை உரிக்காவிட்டால் பனியிலும் பின்தொடை மூட்டிலிருந்து கறி புளிக்கத் தொடங்கும். நான்கு கால், முதுகுத் தசை எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும், விட்டுவருவது குற்றம். கொம்பனில் எலும்பு நீக்கி 90 கிலோ வரை தேறும். முதுகில் முப்பது கிலோ வீதம் மூன்று நடை; கார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மொத்தம் பதினைந்து கிலோமீட்டர். கரடி இருக்கும் நாடு என்பதால் குடல் குவியலருகே கறியை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

தலைக்கறிப் பிரியர்கள் மன்னிக்க வேண்டும். மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யுடி நோய் 2017 முதல் மொன்டானாவின் காட்டு மான்களிடமும் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை, ஆனாலும் மூளையையும் தண்டுவடத்தையும் தொடாமல், நிணநீர்க் கணுவைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுச் சமைப்பது நல்லது. கறியில் கொழுப்பே கிடையாது, பிரியாணிக்கு வறண்டுவிடும். உப்புக்கண்டத்துக்கு இதைப்போல் வேறில்லை: விரல் தடிமனில் நாரோடு அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி, கோடைவரை காத்திருக்காமல் டீஹைட்ரேட்டரில் உலர்த்தினால் போதும். மொட்டைமாடியும் காக்கா விரட்டும் குழந்தைகளும்தான் இல்லை.

நம்மூர்க் கண்மாயில் தண்ணீர் வற்றும் மாதத்தில் ஒரு பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவுமாகப் பத்து ஊர் சனம் ஒரே நேரத்தில் இறங்கும். எந்த ஊர், யார் வீடு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு விரால்கூட மாட்டாதவனுக்கும் பக்கத்து ஆள் இரண்டு கெளுத்தியைப் போட்டு அனுப்புவார். இங்கே எல்லா விதியும் பழகி, படலையும் முதல் தடவையிலேயே மாட்டக் கற்றபின்பும், மலைச்சரிவில் ஆரஞ்சு உடுத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது நினைவு அந்தச் சேற்றுக்குத்தான் போகிறது.

நவம்பர் கடைசியில் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் விழும். அதற்கு மேல் அரை மணி நேரம் சுட அனுமதி. அது முடியவும் மரங்களுக்குள் இருந்து கூட்டம் இறங்கி வரும், வேலியருகே ஒரு கணம் தயங்கும், பெட்டைகள் ஒவ்வொன்றாகத் தாவும். கன்று ஒன்று பின்காலால் மேல்கம்பியைத் தட்ட, வேலி நெடுக ங்ஙீ என்று அதிரும். ஊரில் அப்போது விடிகாலை. போன் வரும்.

"கறி கிடைச்சுதா?"

"இல்லம்மா. பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் என்ன?"

"அடுத்தவங்க நிலத்துல நிக்குது."

"நின்னா என்ன, போய்க் கேளேன்."