ஜூன் குறிப்புகள்

ஜூன் 5
அப்பாவுக்குப் பால் தெளித்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு: "பாவம், ஆயுசு பூரா குவைத்திலேயே கழிச்சிட்டாரு." கோபம் கோபமாக வருகிறது.

ஜூன் 6
தூக்கம் இல்லை.

ஜூன் 8
அம்மா ஒருவழியாகச் சாவியைக் கொடுத்தாள். அப்பாவின் பெட்டியில் மேலாக, வேலைக்குப் போடுகிற நீலக் கவரால் உடுப்பு, மடிப்புக் கலையாமல். இடது கை முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை, எல்லாம் தீப்பொறி. அடியில் ரப்பர் பேண்ட் போட்டு வெல்டர் டெஸ்ட் கார்டுகள். எல்லாவற்றிலும் 6ஜி என்கிற டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக்கூடாது, வெல்டர்தான் சுற்றி வளைந்து, குனிந்து, அண்ணாந்து அடித்து முடிக்கவேண்டும். அப்புறம் எக்ஸ்ரே. கம்பெனி மாறினால் மறுபடி டெஸ்ட். ஐம்பது வயதுக்கு மேலும் கொடுத்திருக்கிறார்.

நம் வீட்டு கேட் வேலைக்கு வந்த பையன் வெல்டிங் ராடுகளை ஈரத் தரையில் போட்டுவைத்தான். அப்பா திட்டவில்லை. பொறுக்கிக்கொண்டு வந்து, தோசைக்கல்லைக் காயவைத்து அதன்மேல் அடுக்கினார். எண்ணெய்க் குழாய்க்கு அடிக்கிற லோ ஹைட்ரஜன் ராடு ஈரம் குடித்தால், வெல்டிங் ஆறினபிறகு விரிசல் விடுமாம். கேட்டுக்கு அடிக்கிற ராடுக்கு அவ்வளவு தேவையில்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் கை கேட்கவில்லை. அம்மா அன்றைக்குத் தோசை ஊற்றவில்லை.

ஜூன் 9
1990 ஆகஸ்ட் 2. இராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்ததை அம்மா ரேடியோவில்தான் கேட்டிருக்கிறாள். அண்ணனுக்கு மூன்று வயது, நான் வயிற்றில். அதற்கப்புறம் கடிதமே இல்லை. செப்டம்பர் கடைசியில் தாடியோடு வாசலில் வந்து நின்றாராம். பஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லை, ருவைஷித் பக்கம் கூடாரம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா, பம்பாய். வழியை மட்டும் சொன்னார். கூடாரத்தில் இருந்த நாட்களைப் பற்றி அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 11
ருவைஷித்தை மேப்பில் தேடிப் பார்த்தேன். சுற்றிலும் ஒன்றுமே இல்லை, பாலைவனம்தான்.

ஜூன் 13
வாரிசுச் சான்றிதழுக்கு அலைச்சல். மனுவில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டார்கள். வெல்டர் என்று திருத்தும்வரை நான் நகரவில்லை. அண்ணன் "விடும்மா, இதுல என்ன இருக்கு" என்றான். அவனிடம் இன்னும் பேசவில்லை.

ஜூன் 14
கடிதங்கள். 1992-இல் திரும்பப் போயிருக்கிறார். பின்வாங்கிய இராக் படை கொளுத்திய எண்ணெய்க் கிணறுகள் 600-க்கு மேல். கடைசித் தீ அணைந்தது 1991 நவம்பர் 6. அப்பா போனபோது தீ இல்லை, புர்கான் எண்ணெய் வயல் பக்கம் மணல் கறுத்து, எண்ணெய் ஏரி ஏரியாகத் தேங்கிக் கிடந்திருக்கிறது. பறவைகள் தண்ணீர் என்று இறங்கி ஒட்டிக்கொள்வதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். கொக்கு மாதிரி ஒன்றைத் துணியால் துடைத்துப் பார்த்தாராம், பிழைக்கவில்லை. அடுத்த வரியே, பெரியவனுக்குக் கணக்கு டியூஷன் சொல்லிட்டியா, பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாச்சா, பசுவுக்குப் புண்ணாக்கு யாரிடம் வாங்குகிறாய்.

இப்படி எழுதினவரைத்தான் குவைத்திலேயே கழித்தார் என்கிறார்கள். அவர் உடம்புதான் அங்கே இருந்தது.

ஜூன் 15
பின்கட்டு அறையும் அடிபம்பும், அப்போது குவைத்தை விட்டு வந்தவர்களுக்கு ஐ.நா. கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில் வந்தவை, 4,000 டாலர். இந்த அறையில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். அந்தக் கூடாரத்துக்குக் கொடுத்த காசு என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது.

ஜூன் 16
அந்தக் கூடாரத்தில் என்ன சாப்பிட்டிருப்பார்? ராத்திரி குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது இருந்திருக்குமா?

ஜூன் 18
கருமாதி முடிந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு திரும்பியபோது அப்படியே அப்பா சாயல். பேசிவிட்டேன்.

ஜூன் 20
அப்பாவின் போனுக்குப் பாலக்காட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். குவைத்தில், அகமதியில் ஒரே சைட்டில் ஃபிட்டராக இருந்தவராம், விஷயம் தெரியாமல் "அண்ணா சௌக்கியமா?" என்றார். சொன்னேன். வெகுநேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பாக்தாத் பஸ்ஸில் நாங்கள் ஒரே சீட்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கேட்கவேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்கிறாள் அம்மா. முதல் கேள்வி தன்னுடையதாம்.