ஹீட்டர் சூடா வருதுங்களா டீச்சர்?

மார்கழி பாதி வரை என் ஆல்டோவோடு ஒரே மல்லுக்கட்டு. ஊட்டி காந்தலில் வீடு, கேத்தி பக்கம் பள்ளிக்கூடம். ஏழே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் விரலில் உணர்ச்சியே இருக்காது. அந்தக் கையோடு சாவியைத் திருப்புவேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். எல்லோரையும் ஏமாற்றியது அதுதான்.

ஸ்டார்ட் ஆன பிறகுதான் கூத்து. சளி பிடித்தவன் மாதிரி உதறும். இரண்டாவது கியரில் சின்ன ஏற்றம் வந்தாலே மிஸ்ஸிங் அடிக்கும். சேரிங் கிராஸ் ரவுண்டானாவில் இரண்டு தடவை நட்டநடுவே நின்றுபோனது. பின்னால் டூரிஸ்ட் பஸ்காரர் அடித்த ஹாரனில் எனக்குப் பள்ளிக்கூட பெல்லே மறந்துபோச்சு. லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்க வேண்டிய வண்டி பதினொன்றைத் தாண்டவில்லை. ஆனால் கோவைக்கு அக்கா வீட்டுக்குப் போனால், மேட்டுப்பாளையம் தாண்டியதும் சமர்த்தாக ஓடும்.

அதனால் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "மேல காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். காற்று கம்மி என்பது உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் இங்கே முக்கால் பங்குதான். கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம், அதற்குக் காற்று குறைந்தது தெரியாது, பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். என்னுடையது 2011 மாடல், எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. காற்றை அளந்துதான் பெட்ரோல் விடும். இழுவை கொஞ்சம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். உதறக் கூடாது.

முதலில் பேட்டரி மாற்றினேன், 3,800 ரூபாய். குளிரில் பேட்டரி பலம் குறையும் என்பது பொய்யில்லை, ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிற வண்டிக்கு எதற்குப் புது பேட்டரி? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் பெட்ரோல் ஃபில்டர், பிறகு த்ராட்டில் பாடி கிளீனிங். மூன்று பிளக்கும் மாற்றினேன். கழற்றிய பழையதெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. புதுசும் இரண்டே வாரத்தில் கறுத்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, "எர்ரர் கோடு ஒண்ணும் இல்லைங்க மேடம், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று பில்லை நீட்டினார்கள்.

கடைசியில் சக ஆசிரியை ஒருவர் மார்க்கெட் பக்கத்து சந்தில் இருக்கும் பாயிடம் அனுப்பினார். அறுபது வயதிருக்கும், குரங்குக் குல்லா, கையில் டீ கிளாஸ். பானெட்டைக்கூடத் திறக்காமல் கேட்டார்: "ஹீட்டர் சூடா வருதுங்களா டீச்சர்?"

"அது வாங்கினதிலிருந்தே வேலை செய்யல பாய். பச்சைக் காத்துதான் வருது."

"ஊசி எங்க நிக்குது?"

டெம்பரேச்சர் ஊசி, குளிர் என்று காட்டும் சி எழுத்தை விட்டு எழுந்ததே இல்லை. சூடாகாத வண்டி, நல்ல வண்டி என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் சிரிக்கவில்லை. நன்றாக ஆறட்டும் என்று இரவு வண்டியை அங்கேயே விடச் சொன்னார். மறுநாள் காலை என்னை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை என்னைப் பிடிக்கச் சொன்னார். இன்ஜின் சூடாகிற வரைக்கும் அந்த ஹோஸ் சில்லென்று இருக்க வேண்டுமாம். நடுவில் இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வு மூடிக்கொண்டு, தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடும். 82 டிகிரி வாக்கில் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அப்போதுதான் ஹோஸ் சடக்கென்று சுடும். என் கையில் இரண்டாவது நிமிடமே இளஞ்சூடு ஏறியது, அப்படியே மெல்ல மெல்ல. ஸ்கேனரில் எர்ரர் கோடு பார்க்காமல், ஓடும்போது இன்ஜின் சூடு எவ்வளவு என்று வரும் கணக்கைப் பார்த்தார். கேத்தி வரை போய்த் திரும்பியும் 47 டிகிரி.

ஹவுசிங்கைக் கழற்றினார். உள்ளே வால்வே இல்லை. வால்வு உட்கார வேண்டிய பள்ளத்தில் வழிந்து காய்ந்த பேஸ்ட்டும் துருத் தண்ணீரும்தான். கூலண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்லவில்லை, அதனால்தான் எர்ரர் கோடும் வரவில்லை. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னது; கம்ப்யூட்டரும் குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைப் பள்ளிக்கூடம் வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தது. பிளக் கரி பிடித்தது, மைலேஜ் போனது, உதறியது எல்லாம் அதனால்தான். கோவை வெயிலும் சிக்னல் நெரிசலும் வால்வு இல்லாமலேயே அதை ஓரளவு சூடாக்கின. குளிர் ஏன் இந்த வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் மண்டையை உடைத்தோம். வண்டி சூடாகிறதா என்று பாய் ஒருவர்தான் கேட்டார்.

புது வால்வு 450 ரூபாய். மாட்டுவதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன் (அறிவியல் டீச்சர் புத்தி). பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, லேப் தெர்மாமீட்டரையும் போட்டேன். 80 வரை ஒன்றுமில்லை. 83ல் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது. 90ல் கிட்டத்தட்ட முழுசாகத் திறந்தது. 92, 93ல் தண்ணீரே கொதித்துவிட்டது, ஊட்டியில் அவ்வளவுதான். அம்மா எட்டிப் பார்த்து, "பால் காய்ச்சற பாத்திரத்துலயா?" என்று கேட்டதோடு சோதனை முடிந்தது.

வண்டியை விற்றவருக்கு ஃபோன் போட்டேன். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "ஆமாங்க, சம்மர்ல சூடாகுதுன்னு மெக்கானிக் கழட்டிப் போட்டாரு. கூலா ஓடுமேன்னு நானும் விட்டுட்டேன்." சமவெளியில் அது நிறைய பேர் செய்கிற வைத்தியம் என்றார் பாய்.

இப்போது சேரிங் கிராஸ் வருவதற்குள் ஊசி எழுந்துவிடுகிறது, காலடியில் வெந்நீர் ஒத்தடம் மாதிரி ஹீட்டர் காற்று. மைலேஜ் பதினேழு. ஆனாலும் காலையில் முதல் அரை நிமிடம் ஒரு இருமல் இருக்கிறது. பிளக் ஒயர் ஒன்று சந்தேகம் என்கிறார் பாய். பொங்கல் கூட்டம் குறையட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.