மாத்திரைக்குக் கேட்காத நீர்

"மாத்திரை ஒழுங்காத்தான் போடுதேன் தாயி. நீர் வடியவே மாட்டேங்கு."

இதய வார்டில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் கிடையாது. முக்கூடல், சேரன்மகாதேவி, நாங்குநேரி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இதே புகார்தான். இதயம் தளர்ந்து உடம்பில் கோத்துக்கொள்ளும் நீரை மூத்திரமாக வெளியேற்றக் கொடுக்கிற நீர் மாத்திரையைத்தான் சொல்கிறார்கள். நான் திருநெல்வேலியில் ஸ்டாஃப் நர்ஸ். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது டாக்டர்கள். ஊசியைப் போட்டுவிட்டு, மூத்திரம் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதுவது நாங்கள். அளக்கிற ஆளுக்குத்தான் தெரியும், "மாத்திரை கேக்கல" என்பதில் பாதி மாத்திரையின் குற்றமே இல்லை என்பது.

கள்ளிடைக்குறிச்சிப் பக்கத்து ஆச்சி ஒருவரைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). அப்பளம் தேய்த்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். இதயத்தின் பம்பிங் குறைவு என்று வருஷக்கணக்காக வைத்தியம். வந்த அன்றைக்குப் படுக்கவே முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்தபடிதான் மூச்சு. கால்விரல் மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. "தாத்தா இருக்கும்போது மெட்டியைக் கழத்தப்படாது" என்று ஒரே பிடிவாதம். தாத்தாவே வந்து, "ஏட்டி, விரலு அழுகிட்டுன்னா எனக்கென்ன நல்லதா?" என்று அதட்டியபிறகுதான் காலை நீட்டினார். விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, மெல்ல மெல்ல உருட்டி எடுத்தோம். முன்னங்காலைப் பெருவிரலால் அழுத்தினால், அப்பள மாவில் விரல் பதிந்த மாதிரி குழி அப்படியே நின்றது.

ஆச்சி சாப்பிட்டுவந்தது ஃபுருசமைடு என்கிற நீர் மாத்திரை, 40 மி.கி. இந்த மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. குடலில் சேருகிற அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். சராசரியாகப் பாதிதான் ரத்தத்துக்குப் போகும், சிலருக்கு அதைவிட ரொம்பக் குறைவு. உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கும்போது குடலும் வீங்கித்தான் இருக்கும். மருந்து மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சிறுநீரகமோ ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து வந்து சேர்ந்தால்தான் உப்பையும் அதோடு நீரையும் வெளியே விடும். 40-க்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால், அதே 40-ஐ ரெண்டு வேளை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. ஒரே வேளையில் கூட்டிப் பார்க்க வேண்டும், இல்லை ஊசிக்கு மாற வேண்டும். டோர்செமைடு என்கிற இன்னொரு நீர் மாத்திரை இதைவிட நன்றாகக் குடலில் சேரும் என்பது உண்மை. ஆனால் ரெண்டையும் ஒப்பிட்டு 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரையின் பேரை மாற்றினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்புவதில்லை.

பேசிக்கொண்டே இருந்ததில் ஆச்சி வாயிலிருந்து விஷயம் ஒவ்வொன்றாக வந்தது. பஸ் ஏறுகிற அன்றைக்கு மாத்திரை கிடையாது. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை என்றாலும் கிடையாது. "போட்டா நொடிக்கு நொடி ஒண்ணுக்கு வருதே, பாவநாசம் பஸ்ல எங்கன போயி இருக்கச் சொல்லுத?" நியாயமான கேள்விதானே? நம்ம பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளுக்குள் ஒருதரம் போய் வந்தவர்கள் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். இதற்கு வழி இருக்கிறது. வெளியே போகிற நாளில் காலை மாத்திரையை வீடு திரும்பியபிறகு மத்தியானம் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சரி என்பார்கள். விட்டுவிடுவதுதான் ஆபத்து.

அடுத்தது முட்டுவலி. மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு குடுங்க அண்ணாச்சி" என்று டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டிருக்கிறார். இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். ஒரு மாத்திரை இறைக்க, இன்னொரு மாத்திரை அடைக்க. கால் வீக்கம் எல்லாமே இதயத்தால் வருவதும் இல்லை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் போடுகிறவர்களுக்கும் கணுக்கால் வீங்கும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

வார்டில் நடப்பது வேறு கணக்கு. வீட்டில் சாப்பிட்ட அளவுக்குக் குறையாமல், தேவைப்பட்டால் ரெண்டு மடங்கு வரைக்கும், நரம்பு வழியாக ஊசி. நேரம் விட்டுவிட்டுப் போடுவதா, சொட்டுச்சொட்டாக ஏற்றுவதா என்று முன்பெல்லாம் ஒரே விவாதம். 2011-ல் வந்த 'டோஸ்' (DOSE) என்கிற ஆய்வு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டியது. ஊசி போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள் கொஞ்சம் மூத்திரம் எடுத்து சோடியம் பார்ப்பார்கள். லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், இல்லை முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 மில்லிகூடத் தேறவில்லை என்றால், மறுநாள் ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, டோஸைக் கூட்ட வேண்டும். ராத்திரி டியூட்டியில் அளவு ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துக் கோடு பார்ப்பது அருவருப்பான வேலை என்று புதுசாக வருகிற பிள்ளைகள் நினைக்கும். வைத்தியமே அந்தக் கோட்டில்தான் நடக்கிறது.

அப்படியும் அசையவில்லை என்றால் ரெண்டாவது மருந்து. நாள்பட ஃபுருசமைடு சாப்பிட்டால், சிறுநீரகத்தில் அது வேலை செய்கிற இடத்துக்கு அடுத்த குழாய்ப் பகுதி தடித்து, தப்பிவரும் உப்பைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அடைக்கத்தான் மெட்டோலசோன். 2.5 மி.கி. பொடி மாத்திரைதான், ஆனால் எனக்கு இதன்மேல் பயம் உண்டு. நீர் மளமளவென்று போகும், கூடவே பொட்டாசியமும் சோடியமும் இறங்கிவிடும். கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே ரத்தம் எடுக்கச் சொல்லிவிடுவேன். அசிட்டசோலமைடு ஊசி இன்னொரு வழி. 2022-ல் வந்த அட்வோர் ஆய்வில் அதைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு மூன்று நாளில் நீர் வடிந்தது, சேர்க்காதவர்களில் 30 சதவீதம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தத்தில் லேசாக ஏறியதைப் பார்த்து, "கிட்னி போச்சு, ஊசியை நிறுத்துங்க" என்று ஆச்சியின் மகன் சத்தம் போட்டார். நீர் நன்றாக வடிந்துகொண்டிருக்கும்போது அது கொஞ்சம் ஏறுவது பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல, பாதி நீரோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் மோசம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாவ. சத்தம் அடங்கியது.

வீட்டுக்குப் போகும்போது சீட்டில் டபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. இருந்தது. பக்கத்து வீட்டில் படித்த பிள்ளை ஒன்று அதைப் பார்த்து, "இது சுகர் மாத்திரைல்லா, உங்களுக்குத்தான் சுகர் இல்லையே" என்று சொல்ல, ஆச்சி நிறுத்திவிட்டார். 2019-லேயே சர்க்கரை இல்லாத இதயநோயாளிகளுக்கும் பலன் இருக்கிறது என்று தெரிந்துபோன மருந்து. காப்புரிமையும் முடிந்து விலையும் நம்ம கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டது. போனிலேயே திட்டி மறுபடி ஆரம்பிக்க வைத்தேன்.

இப்போது பேரன் தினமும் காலையில் எடையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். எழுந்து, மூத்திரம் போய்விட்டு, காப்பிக்கு முன்னால், அதே மெஷினில். மூன்று நாளில் ரெண்டு கிலோ ஏறினால் போன் பண்ண வேண்டும் என்பது பேச்சு. சாப்பாட்டில் வெட்டினது அப்பளம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கருவாடு. அப்பளத்தில் உப்பு மட்டுமில்லை, அப்பளக்காரமும் சோடியம்தான் என்றதும் ஆச்சிக்கு முகம் சுருங்கியது. "அப்ப நான் ஊருக்கே வெசத்தையா தேய்ச்சிப் போட்டேன்?" ஊருக்கு ஒன்றும் ஆகாது ஆச்சி, உங்களுக்குத்தான் ஆகாது என்றேன். ரெண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

உப்பு விஷயத்தில் இன்னொன்று. ஆச்சி மகள் இந்துப்பு வாங்கிவந்தாள். பெரும்பங்கு அதுவும் சோடியம் குளோரைடுதான், லாபமில்லை. பிறகு பாளையங்கோட்டை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சோடியம் குறைந்த உப்பு. அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ஆச்சி ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறவர், அது பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்துகிற மாத்திரை. ரெண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகும். பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் இளநீருக்கும் இதே கதைதான். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதா உப்பையே சின்னக் கரண்டியால் அளந்து போடச் சொல்லியிருக்கிறேன்.