கோடைத் தூண்டில்

சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, மீன் கிடைக்காது, மண்டைதான் காயும். நானும் நேற்று அப்படித்தான் காய்ந்துவிட்டு வந்தேன், அதனால்தான் இந்தப் பதிவு.

தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். ராத்திரி முழுக்கப் பாசியும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் ரொம்பக் குறைவு, கெண்டை எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் தொடாது. கொஞ்சம் வெயில் ஏறட்டும், ஏழு மணி போல் போடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம். இடம் என்றால் மடைப் பக்கம்தான், தண்ணீர் வற்றும்போது ஆழம் மிஞ்சுவது அங்கேதான்.

ஜிலேபி மீனுக்கு மண்புழு போதும், பரோட்டாக் கடையில் கேட்டால் கொஞ்சம் மாவும் தருவார்கள். விரால் வேறு ஜாதி, அதற்கு வெளிக்காற்றையும் சுவாசிக்கத் தெரியும், மூச்சு வாங்க மேலே வந்து ‘பொளக்’ என்று சத்தம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னத் தவளையை விட்டுப் பாருங்கள். ஆனால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுற்றினால் கூடக் காவல் இருக்கும் பெரிய மீனைப் பிடிக்காதீர்கள், ப்ளீஸ்.

கெளுத்தியைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது துண்டால் பிடிக்கவும், அதன் துடுப்பு முள் குத்திவிடும். என் கட்டைவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

அப்புறம், குத்தகைக் கண்மாய் என்றால் கேட்டுவிட்டு உட்காருங்கள்.