ஸ்வான்சிக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு

அறை தேடும் முன், உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கும் ஸ்வான்சி பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வளாகங்கள். 1920இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பழைய வளாகம் நகரத்தின் மேற்கே, சிங்கிள்டன் பூங்காவில் இருக்கிறது. 2015இல் திறந்த கடலோர வளாகம் கிழக்கே, டாவே ஆற்றுக்கு அப்பால். பொறியியலும் மேலாண்மையும் கிழக்கில், மருத்துவம் மேற்கில்.

நான் உலோகப் பொறியியல் முதுகலை படிக்கப் போனவன். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று மேற்கே அப்லாண்ட்ஸில் அறை பிடித்துவிட்டேன். கவிஞர் டிலன் தாமஸ் பிறந்த அழகான பகுதிதான். ஆனால் தினமும் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஜனவரி மாதத் தேர்வன்று மழையில் பஸ் நகரவே இல்லை. நனைந்த காலுறையோடு, மணி அடிக்கும் நேரத்தில் அரங்குக்குள் நுழைந்தேன். முதல் கால் மணி நேரம் கை நடுங்கியே எழுதினேன். அந்த ஊரில் மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும், குடை நிற்காது. தலையை மூடும் மழைக்கோட்டுக்கு முதல் மாதமே பணம் ஒதுக்கிவிடுங்கள்.

இனி நான் மிகவும் விரும்பும் விஷயம். ரயில் நிலையப் பலகையில் ஊரின் வெல்ஷ் மொழிப் பெயராக 'அபெர்டாவே' என்றும் எழுதியிருக்கும். டாவே ஆற்றின் முகத்துவாரம் என்று பொருள். அந்த ஆற்றங்கரைதான் 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே செம்பு உருக்கிய இடம். ஒரு டன் தாதுவை உருக்க அதைப்போலப் பல மடங்கு நிலக்கரி தேவைப்பட்டது. அதனால் நிலக்கரி கிடக்கும் இடத்துக்கே கார்ன்வாலிலிருந்தும், பின்னர் கியூபா, சிலியிலிருந்தும் தாது கப்பலேறி வந்தது. பாடத்தில் நான் திணறிய பகுதி, தாதுவை உருக்கும்போது பிரியும் கழிவான கசடு உலைக்குள் ஏன் மேலே மிதக்கிறது என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஃபோட் செம்பு ஆலை இடிபாடுகளுக்கு நடந்து போனேன். கரையோரம் கிடந்த கசடுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். கரிய நிறம், உடைந்த முகத்தில் கண்ணாடிப் பளபளப்பு, கனம். இதைவிடக் கனமான செம்புக் குழம்பு கீழே தங்கியிருக்கிறது என்று உள்ளங்கை சொன்னபோது பாடம் புரிந்துவிட்டது. அந்தச் செம்பு ஆலைகளின் புகை பள்ளத்தாக்கின் மரம் செடிகளை அழித்தது. 1960களில் தொடங்கி மண்ணை மீட்டு மரம் நட்டார்கள். எந்தத் துறையானாலும் கடலோர அருங்காட்சியகத்தில் ஒரு நாள் செலவிடுங்கள், கட்டணம் கிடையாது.

சாப்பாட்டுக்கு நகரச் சந்தை போதும். பக்கத்துக் கிராமமான பென்கிளாத்தின் மட்டியும் லேவர்பிரெட்டும் அங்கே கிடைக்கும். லேவர்பிரெட் பெயரில்தான் ரொட்டி. அது வேகவைத்துக் குழைத்த கடற்பாசி.

ஆய்வேட்டை ஒப்படைத்ததும் பஸ் ஏறி ரொசிலி போங்கள். வோர்ம்ஸ் ஹெட் தீவுக்கான பாறைவழி, கடல் நீர் மிகவும் வற்றும் தாழ்நீர் நேரத்துக்கு முன் இரண்டரை மணி நேரமும் பின் இரண்டரை மணி நேரமும்தான் வெளியே தெரியும். அன்றைய நீர்மட்ட நேரத்தைப் பார்க்காமல் அதில் இறங்காதீர்கள்.