கிரீன் கார்டோடு ஒரு பிஸ்டல் வாங்கப் போனால்

டெக்சஸில் துப்பாக்கி வாங்குவது மளிகைக் கடையில் பருப்பு வாங்குவது மாதிரி என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிட்டிசனுக்கு வேண்டுமானால் அப்படி இருக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவன், அதுவும் அண்மையில் வீடு மாறியவன் போய் நின்றால் என்ன ஆகிறது என்பதை எழுதி வைக்கிறேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால் சூடாகவே இருக்கும்.

நான் இருப்பது டாலஸ் பக்கம். நண்பரோடு கூட்டாக ஒரு கேஸ் ஸ்டேஷன் (நம்மூர் பெட்ரோல் பங்க்) நடத்துகிறேன். இரவு கடையை அடைத்துவிட்டுப் பணப்பையோடு காருக்கு நடக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் இத்தனைக்கும் காரணம். சட்டைக்குள் தெரியாமல் இருக்கிற மாதிரி ஒரு 9 எம்எம் பிஸ்டல், விலை 350 டாலரைத் தாண்டக் கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

முதலில் போனது ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் நான் வாயைத் திறப்பதற்குள் சின்ன .380 (9 எம்எம்-ஐ விடச் சின்னத் தோட்டா போடுகிற பிஸ்டல்) ஒன்றை எடுத்து வைத்து, "முதல் துப்பாக்கிக்கு இதுதான் சரி" என்றான். ஸ்லைடை (பின்னால் இழுக்கிற மேல்பாகம்) இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வாங்குவதாக இருந்தால் இழுத்துப் பாருங்கள் என்கிற தோரணை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கிரீன் கார்டை நீட்டியதும்தான் வேடிக்கை ஆரம்பமானது. "சிட்டிசன் இல்லையா? அப்படியானால் மூன்று மாத கரண்ட் பில் வேண்டும்."

இந்த மூன்று மாதக் கதை ஒரு காலத்தில் உண்மைதான். சிட்டிசன் அல்லாதவர்கள் அந்த மாநிலத்தில் 90 நாள் தொடர்ந்து குடியிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. அந்த விதியை ஏடிஎஃப் (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) 2012-லேயே எடுத்துவிட்டது. பையனிடம் சொன்னேன். மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் வந்து அதே பாட்டைப் பாடினார். கூடவே இன்னொன்றையும் பிடித்துக்கொண்டார்: டிரைவர் லைசென்ஸில் பழைய முகவரி. முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தேன், புது அட்டை தபாலில் வர வேண்டும், டிபிஎஸ் (லைசென்ஸ் கொடுக்கிற மாநிலத் துறை) தந்த தற்காலிகக் காகிதம் கையில் இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே விதி தெளிவு. படம் உள்ள அடையாள அட்டையில் முகவரி பழையதாக இருந்தால், இப்போதைய முகவரி உள்ள இன்னொரு அரசு ஆவணத்தைச் சேர்த்துக் காட்டலாம். வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் போதும். தனியார் கரண்ட் கம்பெனி பில்லை அரசு ஆவணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதாவது அந்த மேனேஜர் கேட்ட காகிதம் செல்லாது, நான் வைத்திருந்த காகிதம் செல்லும்! ஆனால் யாருக்கு விற்பது, யாருக்கு விற்காமல் இருப்பது என்பது கடைக்காரர் இஷ்டம். வாதாடி ஜெயிக்கிற இடமில்லை அது. வெளியே வந்துவிட்டேன்.

அலைச்சலில் ஒரு நன்மையும் விளைந்தது. அந்த .380-ஐ அன்று வாங்காமல் தப்பித்தேன். வார இறுதியில் சுட்டுப் பழகுகிற ஒரு ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். (எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்கவும்: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு ஏதாவது இல்லாமல் வாங்குவது மட்டும் இல்லை, ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதே மத்திய சட்டப்படி குற்றம். ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று கூட்டிக்கொண்டு போவார்கள். ஒதுங்கி நின்று வேடிக்கை பாருங்கள்.)

ரூகர் எல்சிபி வகைக் குட்டி .380 சட்டைப்பையில் போனால்கூடத் தெரியாது, உண்மை. ஆனால் எடை குறைவு, பிடி குட்டை. சுண்டு விரலுக்கு இடமில்லை. ஒரு மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) சுடுவதற்குள் உள்ளங்கை கூசிவிட்டது. சுட்டுப் பழகவே மனம் வராத துப்பாக்கி இடுப்பில் இருந்து என்ன பயன்? போதாக்குறைக்கு .380 தோட்டா 9 எம்எம்-ஐ விட விலை அதிகம். துப்பாக்கியில் மிச்சம் பிடித்த காசு தோட்டாவில் போய்விடும்.

சிக் பி365, கிளாக் 43எக்ஸ் இரண்டுமே கையில் அழகாக உட்கார்ந்தன. விலை 500 டாலர் பக்கம், அதற்கு மேல் 8.25 சதவீத விற்பனை வரி. என் பட்ஜெட்டில் இல்லை, நகர்ந்துவிட்டேன். கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று டாரஸ் ஜி3சி. 300 டாலருக்குள் கிடைக்கிறது, மேகசினில் 12 தோட்டா. இன்னொன்று ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு, 2012-இல் வந்த பழைய மாடல். மேகசினில் 7 அல்லது 8 தோட்டாதான். 2021-இல் ஷீல்டு பிளஸ் வந்த பிறகு பழையதைச் சீந்துவார் குறைவு, அதனால் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. தோட்டாக் கணக்குப் பார்த்தால் ஜி3சி. தடிமன் பார்த்தால் ஷீல்டு, ஒரு அங்குலம்கூட இல்லை. நான் மெலிந்த ஆள், இந்த ஊர் வெயிலில் எட்டு மாதம் ஒற்றைச் சட்டைதான். ஷீல்டு என்று முடிவு செய்தேன். பருமனாக இருப்பவர்கள், தொளதொளச் சட்டை போடுபவர்கள் ஜி3சி-யைத் தாராளமாகப் பார்க்கலாம்.

கையில் வலு குறைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்பதற்காகச் சின்னதாகப் பார்க்காதீர்கள், சின்னதில்தான் ஸ்பிரிங் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். ஷீல்டு ஈஸி என்று இதற்காகவே ஒன்று வருகிறது. விலை கொஞ்சம் கூடுதல், அளவும் கொஞ்சம் பெரிது. என் மனைவி அதை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது கடை சின்னது. வயதான முதலாளி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லைசென்ஸ், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன், கிரீன் கார்டு. "இது போதும்" என்றார். அவ்வளவுதான். இந்த இரண்டு சொல்லுக்காக எத்தனை பெட்ரோல்!

துப்பாக்கி வாங்குபவருக்கான மத்திய அரசுப் படிவம் ஃபார்ம் 4473-ஐ நாமே நிரப்ப வேண்டும். நம் ஆட்கள் தடுமாறுகிற இடம் பெயர்க் கட்டம். நடுப்பெயர் இல்லையென்றால் காலியாக விடக் கூடாது, என்எம்என் (NMN, நடுப்பெயர் இல்லை) என்று எழுத வேண்டும். சட்டப்படியான பெயரிலேயே வெறும் இனிஷியல்தான் இருக்கிறது என்றால் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஐஓ (IO, இனிஷியல் மட்டும்) என்று போட வேண்டும். அப்பா பெயரை ஒரே எழுத்தாகச் சுமந்து திரிகிற நம் கூட்டத்துக்காகவே யாரோ யோசித்து வைத்த மாதிரி ஒரு விதி. ஏலியன் நம்பர் என்று கேட்பது கிரீன் கார்டில் யுஎஸ்சிஐஎஸ் நம்பர் என்று அச்சிட்டிருக்கிறதே, அதேதான்.

படிவத்தின் கேள்விகளில் முக்கியமானது, உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்பது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, எச்1பி-யில் இருக்கிறான், "அண்ணா, உங்க பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுங்க, காசு நான் தர்றேன்" என்று சாதாரணமாகக் கேட்டான். அது ஜெயில் வரை போகும் குற்றம், கிரீன் கார்டும் சேர்ந்தே போகும் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி உண்டு. பக்கத்து மாநிலத்தில் சட்டப்படி விற்கிறார்களே என்ற சமாதானம் இங்கே எடுபடாது, இது மத்திய அரசின் படிவம்.

முதலாளி பின்னணிச் சோதனைக்காக எஃப்பிஐ-க்குத் தகவல் கொடுத்தார். வந்த பதில்: டிலேட் (தாமதம்). எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. சிட்டிசன் அல்லாதவர் என்றால் குடியேற்றத் தரவையும் தனியாகச் சரிபார்ப்பார்கள், அதனால் இது வழக்கம்தான் என்றார். மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம் என்பது மத்திய சட்டம். ஆனால் பச்சைக்கொடி வராமல் கொடுக்க மாட்டோம் என்று பல பெரிய கடைகள் வைத்திருக்கின்றன, பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சோதனைக்கு 30 நாள்தான் ஆயுள். அதற்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எனக்குக் கெடு முடியும் முன்பே புரொசீட் (கொடுக்கலாம்) என்ற பதில் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் டிலேட் ஆகிறவர்கள் எஃப்பிஐ-யிடம் விஏஎஃப்-க்கு (நம் விவரத்தை நாமே முன்வந்து பதிந்து வைக்கும் கோப்பு) விண்ணப்பித்து யுபின் என்ற எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை படிவத்தில் எழுதலாம்.

ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறை) கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். கடையோரத் தொட்டியில் கிடக்கும் நைலான் பை, துப்பாக்கியை எடுத்ததும் சப்பென்று மூடிக்கொள்ளும், திரும்ப வைக்கும்போது துணி ட்ரிக்கர் பக்கம் போகும். ட்ரிக்கரை முழுக்க மூடுகிற கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை ஒன்றும், வளையாத தடித்த பெல்ட் ஒன்றும் வாங்குங்கள். சாதாரண பெல்ட்டில் பேன்ட் ஒரு பக்கமாக இறங்கி, கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இடுப்பையே பார்த்தார்கள்.

தோட்டாவிலும் ஒரு பாடு பட்டேன். சாதாரணப் பயிற்சித் தோட்டா தடையில்லாமல் ஓடியது. நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட்டில் ஒரு வகை மட்டும் மேகசினிலிருந்து ஏறும்போது மூக்கு முட்டி நின்றது. வேறு வகைக்கு மாறினேன், சிக்கல் இல்லை. எது தினமும் இடுப்பில் இருக்கப்போகிறதோ அதையே சில மேகசின் சுட்டுப் பார்த்துவிடுங்கள், விலையைப் பார்த்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

எல்டிசி (கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கான மாநில லைசென்ஸ்) விஷயத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது முடிந்த, சட்டத்தடை இல்லாதவர்களுக்கு டெக்சஸில் அது கட்டாயம் இல்லை. இருந்தாலும் எடுத்தேன். கட்டணம் 40 டாலர். வகுப்பை ஆன்லைனிலேயே முடித்தேன், கைரேகை வேலை சீக்கிரம் முடிந்தது. சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் பாஸ். குட்டைக் குழல் என்பதால் 15 கஜத்தில் எனக்கு மார்க் குறைந்தது, முதல் இரண்டு தூரமும் காப்பாற்றிவிட்டன. தேர்வுக்கு அதே துப்பாக்கிதான் வேண்டும் என்று இல்லை, பெரியதாக ஒன்றைக் கொண்டு போகலாம் என்று பின்னால்தான் தெரிந்தது.

அட்டை எதற்கு என்றால், ஒன்று, லூசியானா, ஓக்லஹோமா எல்லையைத் தாண்டும்போது மனம் நிம்மதி. இரண்டு, டெக்சஸில் எல்டிசி இருந்தால் அடுத்த முறை வாங்கும்போது எஃப்பிஐ சோதனை தேவையில்லை, 4473 மட்டும் நிரப்பினால் போதும். டிலேட் என்ற சொல்லைக் கேட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் நியூ ஜெர்சி எடிசனில் மச்சான் வீடு இருக்கிறது, காரிலேயே போய் வரலாம் என்று கிளம்புபவர்கள் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். நியூ ஜெர்சி எந்த வெளிமாநில அட்டையையும் ஏற்பதில்லை.

பெட்டகம் என்றதும் ஞாபகம் வருகிறது. கைத்துப்பாக்கியோடு கடைக்காரர் பூட்டு போன்ற ஒரு பாதுகாப்புச் சாதனம் தந்தே ஆக வேண்டும், எனக்கு ஒரு கேபிள் பூட்டு தந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் அதை மட்டும் நம்பாதீர்கள். நான் எண் பூட்டு உள்ள சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி அலமாரியில் போல்ட் போட்டு வைத்துவிட்டேன். அதற்கு ஆன 60 டாலர் என் 350-ல் அடங்கவில்லை, ஹோல்ஸ்டரும் பெல்ட்டும்கூட அடங்கவில்லை. பட்ஜெட் போடும்போது துப்பாக்கி விலையில் பாதியை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்.