எருவா, வற்றலா?

சென்ற ஆண்டு வைகாசியில் தம்பி வேலை மாற்றலாகிப் புனேவுக்குக் குடிபெயர்ந்தபோது, அவன் ஆசைப்பட்டு வாங்கிச் சில வாரங்கள் மட்டுமே ஓட்டியிருந்த மின்சார உர இயந்திரம் சென்னையில் எங்கள் மடிப்பாக்கம் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. அரிசி கொட்டி வைக்கும் டின் அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு வாளி, அதன் அடியில் குப்பையைக் கிளறி அரைக்கும் உலோகக் கைகள். இரவு குப்பையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் காலையில் உரம் தயார் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள்.

குப்பை விஷயத்தில் எங்கள் பகுதிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அக்கறை உண்டு. 2022 ஏப்ரல் இறுதியில் அருகிலுள்ள பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தபோது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கோடையின் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நாம் கொட்டும் சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கோடு கலந்து, காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும்போதுதான் எளிதில் தீப்பற்றக்கூடிய மீத்தேன் உருவாகிறது என்பதை அதன் பிறகே உறைக்கும்படி உணர்ந்தேன். மொட்டை மாடியில் மண்தொட்டி வைத்து எரு தயாரிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். ஆகவே, இயந்திரத்தை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது.

முதல் நாள் 1 கிலோ 200 கிராம் கழிவை எடைபோட்டு உள்ளே இட்டேன்: வெண்டைக்காய்க் காம்பு, பூசணித் தோல், டீத்தூள், முந்தின நாள் மிஞ்சிய சோறு. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அது மெல்லிய முனகலோடு ஓடியது. இடையிடையே எலும்பைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். மறுநாள் காலையில் வாளியில் இருந்தது 210 கிராம் பழுப்புநிறத் தூள். நாற்றம் இல்லை, ஈ இல்லை. வறுத்த கொத்தமல்லி விதையை நினைவூட்டும் மணம்கூட இருந்தது. செருகியில் மாட்டிய மின் அளவி 0.9 யூனிட் என்று காட்டியது. தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட யூனிட். கோடையில் ஏசி ஓட்டி 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் எங்களைப் போன்ற வீட்டில், அந்த ஐம்பது யூனிட் கட்டண விகிதத்தையே மாற்றிவிடும்.

தூளைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்த அம்மா, "இது எருவே இல்லைடா, வற்றல்" என்றார். கிராமத்தில் எருக்குழியைப் பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்னதே சரியென்பது எனக்கு ஒரு கத்தரிச் செடியின் செலவில் புரிந்தது. அட்டைப்பெட்டியை நம்பி, இரண்டு கைப்பிடித் தூளை அதன் வேரைச் சுற்றித் தூவி நீர் ஊற்றினேன்; மூன்றாம் நாள் மண்ணின்மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது, அடுத்த வாரம் இலைகள் மஞ்சளாயின.

காரணம் எளிது. இயந்திரம் செய்தது சூடேற்றி நீரை விரட்டுவதும் அரைப்பதும் மட்டுமே. ஆவியின் நாற்றத்தை ஒரு கரி வடிகட்டி உறிஞ்சிக்கொள்கிறது. மக்குதல் என்பது நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்கு ஈரமும் காற்றும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு கார்பனும் வேண்டும். நுண்ணுயிர்க் கலவையை உள்ளேயே வளர்க்கும் வேறு வகை இயந்திரங்களும் விற்பனையில் உள்ளன. தம்பி வாங்கியது அந்த வகை அல்ல. அது தந்த தூளில் நீர் பட்டவுடன், நின்றிருந்த வேலை செடியின் வேரருகிலேயே தொடங்கிவிட்டது. வந்து குவிந்த நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனைத் தமக்கு எடுத்துக்கொண்டன, செடி பட்டினி கிடந்தது.

பிறகு முறையை மாற்றினேன். ஒரு பங்கு தூளோடு மூன்று பங்கு பழைய மண்ணும் கொஞ்சம் காய்ந்த இலையும் கலந்து, ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்து, மூடிய மண்தொட்டியில் ஐந்து வாரம் வைத்தேன். வாரம் ஒருமுறை கிளறினேன். முடிவில் தூளின் தடயமே இல்லாமல், மழை பெய்த மண்ணின் வாசனையோடு கறுத்த எரு கிடைத்தது. பொடியாக அரைபட்டிருந்ததால் வழக்கமாக எனக்கு ஆகும் மூன்று மாதம் ஐந்து வாரமாகக் குறைந்தது. அந்தப் பெருமையை இயந்திரத்துக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. மாடித் தொட்டி எருவைப் போட்ட இடமெல்லாம் யாரும் விதைக்காத தக்காளிச் செடி முளைக்கும்; இயந்திரத்தின் சூட்டில் விதைகள் செத்துவிடுவதால் இதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அம்மாவுக்கு அது குறையாகவே பட்டது.

நம் சமையலுக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன. முருங்கைக்காய்ச் சக்கையும் வாழைப்பூ மடலும் உலோகக் கைகளில் நாராகச் சுற்றிக்கொண்டு, ஒருமுறை இயந்திரம் பாதியிலேயே நின்றது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன். ஊறுகாய், சாம்பார், கருவாடு போன்றவற்றைப் போட்டால் நீர் போகும், உப்பு போகாது. நீர் வற்றிச் சுருங்கிய தூளில் அது செறிந்து நிற்கும், தொட்டி மண்ணில் சேரச் சேரச் செடியை வாட்டும். மிஞ்சிய குழம்பை நான் இப்போது அதில் போடுவதே இல்லை.

வெயில் காலத்தில் இயந்திரம் துணி போர்த்திப் பரண்மேல் இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்து மாடித் தொட்டிகளில் நீர் கோத்து, புழு நெளிந்து, அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கும் ஆறேழு வாரங்களுக்கு மட்டும் அதைக் கீழே இறக்குகிறோம். அப்போது சேரும் தூளை மூடிபோட்ட டப்பாவில் கட்டிவைத்து, தை பிறந்ததும் மண்ணோடு கலக்கிறோம்.